மேஞ்ச்: தின்பதிலிருந்து பிறந்த ஒரு நோயின் பெயர்

முடி கொட்டி, ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் சீட்டில் 'மேஞ்ச்' என்று எழுதிக் கொடுப்பார். நாம் வீட்டில் அதையே சொறி என்போம். இரண்டும் ஒரே நோயைக் குறிக்கும் சொற்கள்தான், ஆனால் இரண்டும் பிறந்த விதம் வேறு. மேஞ்ச் என்ற சொல்லின் பின்கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. லத்தீனில் கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, சுமார் 600 வருடமாக விலங்குகளின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லியலோ மருத்துவமோ படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடலாம், அது தெரியாவிட்டால் சொல்லின் கதை பாதிதான் புரியும். மேஞ்ச் என்பது மைட் எனப்படும் சிற்றுண்ணிகளால் வரும் தோல்நோய். நாம் நாயின் காதுக்குள் பார்க்கிற, ரத்தம் குடித்துக் கொழுத்த உண்ணி இல்லை இது. எட்டுக் கால் உள்ள அதே பெருங்குடும்பம்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. சார்கோப்டிஸ் என்ற வகையில் பெண் உண்ணி தோலின் மேலடுக்கைக் குடைந்து, சுரங்கம் மாதிரி வழி போட்டுக்கொண்டே போகும், போகிற வழியில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டுவிட்டுப் போகும், மூன்று நான்கு நாளில் அவை பொரிந்துவிடும். உண்ணியின் எச்சில், கழிவு எல்லாம் தோலுக்குள்ளேயே கிடப்பதால் உடம்பு அதை எதிர்க்கிறது, அந்த எதிர்ப்புதான் தாங்க முடியாத அரிப்பாக வெளியே வருகிறது. நாயில் காது விளிம்பு, முழங்கை, அடிவயிறு என்று முடி குறைவான இடங்களில்தான் முதலில் தொடங்கும். காது மடலின் ஓரத்தை விரலால் பிடித்து லேசாகத் தேய்த்தால், அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே எழுந்து காற்றில் சொறியத் தொடங்கும். மருத்துவர்கள் சந்தேகம் வந்தால் செய்து பார்க்கும் சின்னச் சோதனை அது.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் மேஞ்ச் என்ற சொல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் தென்படுகிறது. அதற்கு முன் அது பழைய பிரெஞ்சில் அரிப்பைக் குறித்த ஒரு பெயர்ச்சொல். அந்தப் பெயர்ச்சொல் 'மாஞ்சியேர்' என்ற வினையிலிருந்து வந்தது, அதற்குப் பொருள் தின்பது. இன்றைய பிரெஞ்சில் சாப்பிடுவதற்குச் சொல்லும் 'மான்ழே'யும் இத்தாலியில் சொல்லும் 'மாஞ்ஜாரே'யும் இதே குடும்பம். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'மண்டுகாரே', மெல்லுவது, அதற்கும் அடியில் 'மண்டெரே' என்ற வேர். தாடை எலும்புக்கு ஆங்கிலத்தில் 'மேண்டிபிள்' என்கிறார்களே, அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான். மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியைச் சொல்லும் 'மேஞ்சர்' என்ற சொல்லும் அப்படித்தான், தின்னும் இடம் என்று பொருள். ஆக தீனித்தொட்டியும் சொறிநோயும் ஆங்கிலத்தில் அக்காள் தங்கை.

தின்பதற்கும் அரிப்புக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்குத் தமிழர்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. கறையான் மரத்தை அரிக்கிறது, கடல் கரையை அரிக்கிறது, உடம்பு அரிக்கிறது. மூன்றுக்கும் ஒரே வினை. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பதும் தோலில் ஊறும் அந்த உணர்வும் நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. இன்னும் நேரடியாக ஒன்று இருக்கிறது: தினவு. தினவெடுத்த தோள், தினவு தீர உராய்ந்த காளை என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தத் தினவு 'தின்' என்ற வினையிலிருந்து வந்தது. அகராதியைப் புரட்டினால் 'தின்' என்பதற்கு உண்பது, அரிப்பது, தேய்ப்பது, வருத்துவது என்று பொருள்கள் வரிசையாக நிற்கும், அதன் பக்கத்திலேயே தினவு நிற்கும். பிரெஞ்சுக்காரர் தின்பதிலிருந்து அரிப்புக்குப் போன அதே பாதையில் தமிழும் போயிருக்கிறது. ஸ்பானிய மொழியில் அரிப்புக்கு 'கொமெஸோன்', அது சாப்பிடுவதைக் குறிக்கும் 'கொமெர்' உறவு. போர்ச்சுக்கீசியத்தில் 'கொமிஷாவ்', அதுவும் அதே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டதாக இருக்க வேண்டியதில்லை. அரிப்பு எடுத்த எவருக்கும் ஏதோ ஒன்று தன்னைத் தின்கிறது என்றுதான் தோன்றியிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மேஞ்ச் என்று காதில் விழுந்ததும் நம் ஆட்களில் சிலருக்கு 'மாடு மேஞ்ச புல்' நினைவுக்கு வரும், மேய்ந்த என்பதுதானே பேச்சில் மேஞ்ச, மேய்வதும் தின்பதுதானே, அப்படியானால் இந்த ஆங்கிலச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான் என்று எழுதிவிடுவார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சொற்பிறப்பு அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு சொல் எந்த நூற்றாண்டில் எந்த வடிவில் எழுதப்பட்டது, அதற்கு முந்தைய வடிவம் எது, அந்த ஒலி இந்த ஒலியாக மாறுவது அந்த மொழியில் மற்ற சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று படிப்படியாகப் பின்னால் போவதுதான் வழி. லத்தீன் 'மண்டுகாரே' பிரெஞ்சு 'மாஞ்சியேர்' ஆனதற்கு எழுத்துச் சான்று படிக்குப் படி இருக்கிறது. நடுவில் தமிழ் நுழைய இடம் இல்லை. 'மேய்' என்பதோடு உள்ள ஒலி ஒற்றுமை தற்செயல். தின், தினவு என்ற நம் சொந்த இணையே போதுமான பெருமை, இல்லாத உறவைக் கொண்டாட வேண்டியதில்லை.

இன்னொரு பெயரிடும் பாதையும் உண்டு. உள்ளே என்ன உணர்வு என்பதை விட்டுவிட்டு, வெளியே என்ன செய்கிறோம் என்பதைப் பெயராக்குவது. சொறிகிறோம், ஆகவே நோய்க்குப் பெயர் சொறி. வினையும் நோயும் ஒரே வடிவம், மலையாளத்திலும் அதே சொறிதான். லத்தீனில் 'ஸ்கபெரே' என்றால் சொறிவது, அதிலிருந்து 'ஸ்கேபீஸ்'. இன்றும் மனிதருக்கு வரும் சிரங்கு நோயை மருத்துவர்கள் இந்தப் பெயரால்தான் எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் 'ப்ஸோரா', அது தேய்ப்பதைக் குறிக்கும் வினையின் பிள்ளை. சொரியாசிஸ் என்ற பெயர் வந்ததும் அங்கிருந்துதான், அது முற்றிலும் வேறு நோய் என்றாலும். ஆக இந்த நோய்ப்பெயர்களில் பல இரண்டு கூட்டமாகப் பிரியும், தின்கிறது என்று சொல்பவை ஒரு பக்கம், சொறி, தேய் என்று சொல்பவை மறுபக்கம். தமிழ் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது.

தேய்ப்பது என்றதும் நம்மிடம் இருந்த ஓர் அருமையான ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய நூல்கள் சொல்லும் முப்பத்திரண்டு அறங்களில் ஒன்று ஆவுரிஞ்சு தறி. ஆ என்றால் பசு, உரிஞ்சுவது என்றால் உராய்வது, தறி என்றால் நட்டுவைத்த தூண். மாடுகள் வந்து உடம்பை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள ஊர்ப் பொதுவில் ஒரு கல்தூணை நட்டு வைப்பார்கள். பசித்தவனுக்குச் சோறு, வழிப்போக்கனுக்குத் தண்ணீர் என்கிற அறங்களோடு சேர்த்து மாட்டின் அரிப்புக்கும் ஓர் அறத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆவுரோஞ்சிக் கல் என்பார்கள், குளக்கரையில், கேணியருகில், சுமைதாங்கிக்குப் பக்கத்தில் இன்னும் சில நிற்கின்றன. எதற்கென்று தெரியாமலே கடந்துபோகிறவர்கள்தான் இப்போது அதிகம். இதில் ஒரு சங்கடமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். வியர்வை, ஈ, தூசியால் வரும் சாதாரணத் தினவுக்கு அந்தக் கல் நல்லது, ஆனால் உண்ணியால் வந்த சொறி பிடித்த மாடு உராய்ந்த கல்லில் இன்னொரு மாடு உடனே உராய்ந்தால் நோயும் கூடவே போகும். தோலைக் குடையாமல் மேலேயே வாழும் சோரோப்டிஸ் என்ற வகை, விலங்கின் உடம்பை விட்டு விழுந்த பிறகும் பல நாள் உயிரோடு இருக்கக்கூடியது.

அந்தச் சோரோப்டிஸ்தான் ஆட்டுக்காரர்களைப் பல நூற்றாண்டு படுத்தி எடுத்தது. ரோமானியர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ தன் வேளாண் நூலில் ஒரு மருந்து சொல்கிறார்: ஆலிவ் எண்ணெய் பிழிந்தபின் நிற்கும் கசண்டு, லூபின் பயறு வேகவைத்த தண்ணீர், திராட்சை மதுவின் மண்டி, மூன்றையும் சம அளவில் கலந்து, ரோமம் கத்தரித்த ஆட்டின் மேல் முழுக்கப் பூசி, இரண்டு மூன்று நாள் அப்படியே வியர்க்க விட்டு, அப்புறம் கடலில் குளிப்பாட்ட வேண்டும், கடல் இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர். கவிஞர் வர்ஜில் ஆட்டுச் சொறிக்குக் காரணங்களை அடுக்குகிறார், குளிர்மழை உடம்பில் ஊறுவது, பனி, கத்தரித்த பிறகு கழுவாமல் விட்ட வியர்வை, முள் கீறல். பூச்சி என்ற பேச்சே இல்லை. ஆனால் தொற்றும் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு பன்றியின் சொறியால் மந்தையே விழும் என்று ஜுவெனல் எழுதினார். ஹொரேஸ் எடுத்துச் சொல்கிற ஒரு கூச்சலில், கடைசியில் வருகிறவனைச் சொறி பிடிக்கட்டும் என்று வரும். ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகள் போடும் கூச்சல் அது என்பார்கள்.

ஆங்கிலம் இந்த நோயை வைத்து ஒரு வேடிக்கையான பிரிவினை செய்தது. மனிதனுக்கு வந்தால் 'இட்ச்', ஆட்டுக்கு வந்தால் 'ஸ்கேப்', நாய்க்கும் குதிரைக்கும் வந்தால் மேஞ்ச். நோயின் தன்மை ஒன்றேதான், பெயர் மட்டும் யாருக்கு வந்தது என்பதைப் பொறுத்து மாறியது. ஸ்கேப் என்பது வடதிசை ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த நாட்டுப்புறச் சொல், ஆடு மேய்க்கிறவர்கள் வாயில் இருந்தது. மேஞ்ச் பிரெஞ்சுச் சொல். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு குதிரைலாயம், வேட்டை, வேட்டைநாய் எல்லாம் பிரெஞ்சு பேசிய பிரபுக்களின் உலகமாக இருந்தன, அதனால்தான் அவர்களின் விலங்குகளுக்கு வந்த நோய்க்கு அவர்களின் சொல் ஒட்டிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். தமிழில் அந்தப் பிரிவினை வரவில்லை. மனிதனுக்கும் சொறி, சிரங்கு, நாய்க்கும் சொறி. யோசித்துப் பார்த்தால் நம் வழக்கம்தான் நோயின் இயல்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, மனிதனிடம் இருப்பதும் நாயிடம் இருப்பதும் ஒரே சார்கோப்டிஸ் இனத்தின் கிளைகள்தானே.

இப்போது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பல நூற்றாண்டாக மக்கள் வாயில் 'ஏதோ தின்கிறது' என்ற சொல் இருக்கிறது, ஆனால் படித்த மருத்துவர்கள் அதை நம்பவில்லை. உடம்பில் ஓடும் நீர்களின் சமநிலை கெட்டு, கெட்ட ரத்தமும் பித்தமும் தோல் வழியாக வெளியேறுவதுதான் சொறி என்பது அவர்கள் கொள்கை. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து மருத்துவர் இப்னு ஸுஹ்ர், தோலுக்கடியில் மிகச் சிறிய பேன் மாதிரி ஒன்று இருக்கிறது, தோலை உரித்தால் வெளியே வருகிறது என்று எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1687இல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் மருத்துவர் ஜொவான்னி கோசிமோ பொனோமோவும் மருந்துக்கடைக்காரர் தியாசிந்தோ செஸ்தோனியும் நுண்ணோக்கியின் கீழ் அந்த உண்ணியைப் பார்த்தார்கள், வரைந்தார்கள், அது முட்டையிடுவதைக்கூடப் பார்த்தார்கள், இதுதான் நோய்க்குக் காரணம் என்று பிரான்செஸ்கோ ரெதி என்ற இயற்கை அறிஞருக்குக் கடிதமாக எழுதினார்கள். அவர்களை அதைத் தேடவைத்தது எது தெரியுமா? தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் சிரங்கிலிருந்து ஊசிமுனையால் எதையோ குத்தி எடுத்து நசுக்குவதைப் பார்த்ததுதான். அந்த அம்மாக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அப்போதும் மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ளவில்லை. போப்பாண்டவரின் மருத்துவராக இருந்த லான்சிசி பழைய கொள்கையை விடவில்லை. விஷயம் கிடப்பில் போனது. 1812இல் பாரிஸில் கலேஸ் என்ற மருந்தாளுநர் அந்த உண்ணியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்துப் படமும் வெளியிட்டார், ஆனால் வேறு யார் தேடினாலும் கிடைக்கவில்லை, கடைசியில் பார்த்தால் அவர் வரைந்தது பழைய பாலாடைக்கட்டியில் ஊரும் உண்ணி. இதனால் உண்மையான உண்ணியையே யாரும் நம்பாத நிலை வந்தது. 1834இல்தான் விடிவு. கோர்சிகா தீவிலிருந்து வந்த மருத்துவ மாணவர் ரெனூச்சி, பாரிஸின் சான்லூயி மருத்துவமனையில், எல்லோர் முன்னாலும் ஒரு நோயாளியின் தோலிலிருந்து ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். எப்படித் தெரியும்? அவருடைய ஊரில் ஏழைப் பெண்கள் அப்படித்தான் எடுப்பார்கள், சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கொப்புளத்துக்குள் தேடாதே, அது குடைந்துபோன வழியின் நுனியில் தேடு என்பதுதான் அந்தப் பெண்களின் அறிவு. படித்தவர்கள் 150 வருடமாகத் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்கள். சார்கோப்டிஸ் என்ற பெயரையே கிரேக்கத்தில் பிரித்தால் சதையை வெட்டுவது என்று வரும். தின்கிறது என்று முதலில் சொன்ன வாய்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தன.

காரணம் தெரிந்த பிறகு மருந்து வேகமெடுத்தது, ஆட்டு மந்தை என்றால் பணம் ஆயிற்றே. 1852இல் இங்கிலாந்தின் பெர்க்கம்ஸ்டெட் ஊரில் வில்லியம் கூப்பர் என்ற கால்நடை மருத்துவர் ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த ஒரு பொடியை விற்கத் தொடங்கினார். அதைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்து ஆட்டை முக்கி எடுப்பார்கள், அந்த முக்குமருந்து உலகம் முழுக்கப் போயிற்று. கந்தகம் நமக்கும் புதிதல்ல, நாட்டு மருத்துவத்தில் சொறி சிரங்குக்கு முதல் சரக்கே கந்தகம்தான். ஆஸ்திரேலியாவில் ஆட்டுச் சொறிக்கென்றே சட்டங்கள் போட்டு, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டிலிருந்தே அதை ஒழித்துவிட்டார்கள். பிரிட்டனில் 1952இல் ஒழிந்து, 1973இல் மறுபடி வந்து, இன்றுவரை போகவில்லை.

அப்புறம் வசவுக்கு வருவோம், இந்தச் சொற்களின் வாழ்க்கையில் பாதி அங்கேதான் கழிந்திருக்கிறது. 'மேஞ்சி' என்ற உரிச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒருவன் இன்னொருவனைச் சொறிநாய்க்குப் பிறந்தவனே என்று திட்டி விரட்டுகிறான். அழுக்கான, கந்தலான என்று பொருள்படும் 'ஷேபி'யும் ஸ்கேபின் உறவுதான், சொறி பிடித்தது என்பதே அதன் அடிப்பொருள். வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிறவனை ஸ்கேப் என்று சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி இன்றுவரை தொழிற்சங்கங்களில் இருக்கிறது. மந்தையில் ஒருவன் சொறியோடு வந்தால் எல்லோருக்கும் கேடு என்ற பயம் அதில் இருக்கிறது. அதே ஆளுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'பிளாக்லெக்', நாம் கருங்காலி என்கிறோம். அந்தப் பிளாக்லெக் மாட்டுக்கு வரும் சப்பை நோயின் பெயரும்கூட. நம் தெருவில் சொறிநாய் என்ற வசவுக்கு விளக்கம் தேவையில்லை. தினவெடுத்து அலைகிறான், அரிப்பெடுத்தவன் என்பவை ஆசையையும் வம்புச்சண்டையையும் சேர்த்து இழுக்கின்றன. லத்தீனில் அரிப்பைச் சொன்ன வினையிலிருந்தும் ஆங்கிலத்துக்கு ஒரு சொல் வந்திருக்கிறது, அதற்கும் காமவேட்கை என்றுதான் பொருள்.

இந்த வசவுகளால் நாய்களுக்கு உண்மையிலேயே கெடுதல் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். நோயாளி என்ற எண்ணம் போய் அசிங்கம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, கல் எறிவது சரியென்று ஆகிவிடுகிறது. நோயையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 1905இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: மாநிலக் கால்நடை மருத்துவர் ஓநாய்களையும் கயோட்டி என்ற சிறிய ஓநாய் மாதிரியான விலங்குகளையும் பிடித்து, அவற்றுக்குச் சொறி உண்ணியை ஏற்றி, மறுபடி காட்டில் விட வேண்டும். மற்றவற்றுக்கும் பரவி எல்லாம் சாகட்டும் என்பதுதான் திட்டம். நோயைத் தீர்க்கப் படித்த மருத்துவரையே அதைப் பரப்பச் சொன்ன சட்டம். முடி உதிர்ந்த ஓநாய் அந்த ஊர்க் குளிரில் விறைத்துத்தான் சாகும். பின்னாளில் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995, 1996இல் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள், 2007இல் அவற்றிலும் மேஞ்ச் தெரிந்தது. அன்றைக்கு ஏற்றிவிட்ட உண்ணிகளின் வழித்தோன்றல்தான் இவை என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வொம்பாட் என்ற கட்டையான வளைவாழ் விலங்கும் இதே நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

மருத்துவச் சீட்டில் மேஞ்ச் என்று மட்டும் இருந்தால், எந்த மேஞ்ச் என்று கேளுங்கள். சார்கோப்டிக் மேஞ்ச்தான் இவ்வளவு நேரம் சொன்ன, தின்கிற மாதிரி அரிக்கும், தொற்றும் வகை. டெமோடெக்டிக் மேஞ்ச் என்று ஒன்று உண்டு, அதன் உண்ணி மயிர்க்கால்களுக்குள் வாழும், நீளமாகப் புழு மாதிரி இருக்கும், 1841 வாக்கில்தான் கண்டுபிடித்தார்கள், கொழுப்புப் புழு என்ற பொருளில் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் டெமோடெக்ஸ் என்று பெயர் வைத்தார். ஆரோக்கியமான நாய்களிலும் அது கொஞ்சம் இருக்கும், பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பெருகி முடியைக் கொட்டவைக்கும். மற்ற நாய்க்கு அப்படியொன்றும் பரவாது, புண்ணாகிச் சீழ் பிடிக்கும்வரை பெரிதாக அரிக்கவும் அரிக்காது. தின்பதிலிருந்து பிறந்த பெயர் இதற்கு உண்மையில் பொருந்தவே இல்லை, பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் பழைய பெயரையே இதற்கும் போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் வைத்தியமும் கால அளவும் வேறு என்பதால் இந்த வேறுபாடு முக்கியம். ஒரு பிளேடில் துளி எண்ணெய் தொட்டு, லேசாக ரத்தம் துளிர்க்கும்வரை தோலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சார்கோப்டிஸ் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவே இருக்கும், அதனால் சுரண்டலில் கிடைக்காவிட்டாலும் அறிகுறியை வைத்து மருந்து கொடுப்பதுண்டு.

மருந்துகள் இப்போது நன்றாக இருக்கின்றன. ஜப்பானில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த ஐவர்மெக்டின் 1981இல் கால்நடைக்கு வந்தது, அதற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் கிடைத்தது. ஆனால் கோலி வகை நாய்கள் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும், அதனால் கடையில் நாமே வாங்கி ஊசி போடும் வேலை வேண்டாம். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத் தெருநாய்மேல் ஊற்றுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நாய் நக்கும், ஈரல் கெடும், தோல் வெந்துபோகும். நாயிடமிருந்து நமக்கும் கையில் வயிற்றில் சிவந்த தடிப்பு வரலாம், அந்த உண்ணியால் நம் தோலில் நீண்ட நாள் குடும்பம் நடத்த முடியாது, நாய்க்குக் குணமானதும் பெரும்பாலும் அடங்கிவிடும், அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இரண்டு மூன்று நாய் இருந்தால், ஒன்றுக்குத்தான் சொறி தெரிகிறது என்றாலும், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும், படுக்கும் சாக்கு துணியையும் வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் காயவைத்துவிடுங்கள்.